வண்டி திரும்ப ஓர் இடம்

ஆள் செலவைக் குறைப்பதற்காக வடிவேல் வாங்கிய பவர் டில்லர் என்கிற உழவு மெஷினை, பிக்கட்டி ரோட்டிலிருந்து அவன் காடு வரைக்கும் ஆறு ஆட்கள் மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரோட்டிலிருந்து இறங்கினால் ஒற்றையடிப் பாதைதான். அதில் ஆடு போகும், கேரட் மூட்டை சுமக்கிற ஆள் போவான், மழை பெய்தால் தண்ணீர் போகும். டில்லர் போகாது. ஆகவே அது ஹேண்டிலில் செவ்வந்தி மாலையும் எஞ்சின் நெற்றியில் சந்தனமும் பூண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் மனிதத் தோள் மேல் ஏறி வந்தது. முன்னால் வடிவேல் கையில் எலுமிச்சம்பழத்தோடு நடந்தான். "பாத்துத் தூக்குங்கப்பா, பெயிண்டு உரசுது" என்று வழிநெடுக அவர்களை அதட்டிக்கொண்டே வந்தான். தூக்கி வந்தவர்களுக்குக் கூலியும் கொடுத்து, கறிச்சோறும் போட்டான். போகட்டும், இனிமேல்தான் ஆள் செலவே கிடையாதே.

என் பேர் மாரப்பன். வடிவேல் காட்டுக்கு நேர் கீழே இருக்கிற காடு என்னுடையது. எங்கள் பக்கம் விளைகிற நிலத்தைத்தான் காடு என்போம். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் விளையும்; அவ்வப்போது காட்டெருமை வந்து தரம் பார்த்துவிட்டுப் போகும். மலைச்சரிவில் மேல்காட்டுக்காரன் என்ன கூத்து அடித்தாலும் அது ஒருநாள் உருண்டு கீழ்க்காட்டுக்காரன் தலையில்தான் விழும். அதனால் வடிவேலின் சரித்திரத்தைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் இந்தக் குந்தா பக்கத்திலேயே கிடையாது.

வடிவேல் சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். நடக்கத் தெரிந்த வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இறங்கி, இந்த மலைக்கு ஏறி, மறுபடியும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே வந்து சேர்ந்தான். கடல் தாண்டியும் வீட்டு வாசல் மாறவில்லை. மீசை முளைத்ததும் தேயிலை ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. கொழுந்தைப் போட்டு உருட்டுகிற ரோலர் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. அந்த மெஷினுக்கு முன்னால் நின்ற அன்றைக்கே அவனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. மனிதனின் கை என்பது மெஷின் கண்டுபிடிக்கப்படும் வரைக்கும் கடவுள் செய்து வைத்த தற்காலிக ஏற்பாடு என்பது அவன் சித்தாந்தம்.

"மெஷினுக்கு ஏலாததுன்னு ஒண்ணும் இல்லண்ணே" என்பான் என்னிடம். ஏலாது என்பது அவன் அம்மா சிலோனிலிருந்து கூடவே கொண்டுவந்த சொல். முடியாது என்று பொருள். ஏலாது என்று அவன் சொல்வது மனிதர்களைப் பற்றி மட்டும்தான்.

மகள் ஜீவிதா பிறந்தபோது, தொட்டில் ஆட்டுவதற்கு ஆள் எதற்கு என்று பழைய ஃபேன் மோட்டாரைக் கழற்றித் தொட்டிலில் மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் தொட்டில் போன வேகத்தில் விட்டத்துத் தூசியெல்லாம் கொட்டியது. நல்லவேளை, முதல் வெள்ளோட்டத்துக்குக் குழந்தைக்குப் பதிலாகப் பூசணிக்காயைப் படுக்க வைத்திருந்தான். பூசணிக்காய் சுவரில் போய் உடைந்தது. அவன் மனைவி விஜயா ஒயரைப் பிடுங்கிக் கையோடு அடுப்பில் போட்டாள். "வேகம் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு, அவ்வளவுதானே" என்று இவன் ஊரெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

விஜயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காடு அவளுடையது. பட்டா அவள் பேரில் இருக்கிறது. வயசுக்கு வந்த காலத்திலிருந்து தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ரிட்டையர் ஆகிப் பணம் வந்தபோது கூட வேலை செய்தவர்கள் எல்லாம் வீட்டுக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டினார்கள், நகை வாங்கினார்கள். இவள் எனக்கு மேலே கிடந்த சரிவை வாங்கினாள். ஏன் இந்தச் செங்குத்தைப் போய் வாங்கினாய் என்று கேட்டேன்.

"இத்தனை வருசம் அடுத்தவங்க மலையில நின்னேனுங்ணா. சாகறதுக்குள்ள என் மண்ணுல கொஞ்ச காலம் நிக்கோணும்" என்றாள்.

சும்மாவும் நிற்கவில்லை. அந்தச் சரிவில் ஏழு படிகள் இருந்தன. படி என்றால் மலையைக் குறுக்கே வெட்டிச் சமன் செய்த நீளமான மேடை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கல் அடுக்கி, கல்லுக்கு மேல் புல் வளர்த்திருப்பார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்தான். அப்படியும் மண் நிற்காது. மண்வெட்டியால் ஒவ்வொரு தடவை கொத்தும்போதும் கீழ்ப்பக்கம் நின்று நம்மை நோக்கித்தானே இழுக்கிறோம்; ஒரு போகத்துக்கு ஒரு சாண் மண் கீழ்ப்பக்கம் இறங்கிவிடும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து அடுத்த கொத்து போடுவதற்கு முன்னால், படியின் கீழ் ஓரத்தில் சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி மேல் ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மண் ஏற்றுவது என்போம். அதைச் செய்யாமல் விதைக்கிறவனுக்கு ஊரில் டீ கூட மரியாதையாகக் கிடைக்காது. இன்னொரு வழக்கமும் இருக்கிறது: எல்லையைத் தாண்டிக் கீழ்க்காட்டில் விழுந்துவிட்ட மண் கீழ்க்காட்டுக்காரனுக்குச் சொந்தம். மேலே இருப்பவன் கேட்கக் கூடாது. வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு மண் எதற்கு என்பது கணக்கு.

விஜயா ஒவ்வொரு போகமும் மண் ஏற்றுவாள். வடிவேல் மேலே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு பார்ப்பான். "எந்தக் காலத்துல இருக்கோம்? சந்திரனுக்கு மெஷின் போகுது, இவ கூடை தூக்கறா" என்பான்.

டில்லரை விற்றவன் கூடலூர்க்காரன் ஷிஜோ. வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ. எங்கள் காட்டுக்கு அவன் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துத்தான் ஓட்டிக் காட்டினான். மைதானத்தில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே ஆசை வந்துவிட்டது. மைதானத்தில் ஒருத்தரும் உருளைக்கிழங்கு போடுவதில்லை என்பது எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. "சேட்டா, ஒண்ணும் பேடிக்கண்டா. மலையில பூனை மாதிரி கேறும்" என்றான் ஷிஜோ. பயப்படாதே, பூனை மாதிரி ஏறும் என்று அர்த்தம்.

பூனை முதல் நாளே முதல் படியின் முனையில் போய் நின்றுவிட்டது. படி குறுகல். வண்டி திரும்புவதற்கு இடம் இல்லை. வடிவேல் ஒரு சால் ஓட்டுவான், எஞ்சினை அணைப்பான், நான்கு பேரைக் கூப்பிடுவான், வண்டியைத் தூக்கித் திருப்பி வைப்பார்கள், மறுபடி ஒரு சால். உழுததை விடத் தூக்கியது அதிகம். மூன்றாவது படியில் மண் இளகிச் சக்கரம் ஒரு பக்கம் சரிந்து, வண்டியும் வடிவேலுமாகக் கீழ்ப்படி பீட்ரூட்டுக்குள் விழுந்தார்கள். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை தோல் உரிந்திருந்தது. அதைத் துடைக்காமல் வண்டியின் மட்கார்டைத் துடைத்தான்.

"மெஷின் மேல தப்பு இல்லண்ணே" என்றான் மூச்சு வாங்க. "மலைதான் தப்பா இருக்கு."

ஷிஜோவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "வண்டி திரும்ப ஸ்தலம் வேணும், சேட்டா. அது மட்டும் சரியாக்கினா மதி, அது போதும்" என்றான் அவன், கூடலூரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

அந்த நேரம் பார்த்து ஜீவிதாவின் பிரசவத்துக்கு விஜயா கோயம்புத்தூர் போய்விட்டாள். பஸ் ஏறும்போது, "கெழங்குக்குக் காட்டைக் கொத்தி வைங்க. மண்ணு ஏத்திட்டுக் கொத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ் குந்தா பாலம் தாண்டியிருக்காது, வடிவேல் கடப்பாரையோடு காட்டுக்குள் இறங்கிவிட்டான். கல்லைப் பெயர்த்தான். புல்லை வேரோடு பிடுங்கி எறிந்தான். ஏழு படிகளையும் இடித்து ஒரே சரிவாக வழித்துவிட்டான். பல தலைமுறையாக யார் யாரோ கல் சுமந்து கட்டியதை இடிக்க அவனுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் மலையில் ஜேசிபிக்கு அனுமதி வேண்டும்; கொண்டுவந்திருந்தால் கலெக்டர் ஆபீஸ் வரை கேள்வி வந்திருக்கும். கடப்பாரையை யார் கேட்பது?

நான் கேட்டேன். "அடேய், மழைக்காலம் வருது. உனக்குப் பைத்தியமா? விஜயா வந்து கேட்டா என்னடா சொல்லுவே?"

"ஊட்டுக்காரி சந்தோசப்படுவாண்ணே. இனி அவ கூடையே தொட வேண்டாம்" என்றான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நாலு அறை விட்டிருக்கலாம்.

குறுக்கே ஓட்டினால் வண்டி சரிகிறது என்று, மேலிருந்து கீழாக நேராக உழுதான். வண்டி அருமையாகப் போனது. கீழே என் வேலிக்குப் பக்கத்தில் வாகாகத் திரும்பியது. ஒவ்வொரு சாலும் மலை உச்சியிலிருந்து என் கோஸ் காட்டுக்கு வாய்க்கால் வெட்டி விட்டதைப் போல இருந்தது. இவன் அதைப் போட்டோ எடுத்து ஷிஜோவுக்கு அனுப்ப, ஷிஜோ அதைக் கம்பெனி விளம்பரத்தில் போட்டுவிட்டான். 'மலையை வென்ற விவசாயி' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

விஜயா பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தாள். காட்டுக்கு மேலே நின்று பார்த்தாள். கிழங்கு முளைவிட்டுப் பச்சையாகத்தான் இருந்தது. அவள் கையில் பேரனுக்கு வைத்த மையின் கறை இருந்தது. அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, புல்லெங்கே?" என்று கேட்டாள்.

"புல்லு எதுக்கு? வண்டி எப்படித் திரும்புது தெரியுமா..."

"மழை வந்தா?"

"மழைக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்?" என்றான் மலையை வென்ற விவசாயி.

மழைக்கு மெஷினைப் பற்றித் தெரியாதுதான். சரிவைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. ஆடி பிறந்ததும் குந்தா பக்கம் விடாமல் கொட்டியது. ஒரு காலையில் என் மனைவி சாந்தாமணி கோஸ் காட்டுக்குப் போனவள், கத்திக்கொண்டே திரும்பி ஓடி வந்தாள். போய்ப் பார்த்தால் கோஸ் காடே இல்லை. முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண், அதற்கு மேல் கிழங்குச் செடிகள் தலைகீழாக மிதக்கின்றன. நிமிர்ந்தால் விஜயா காடு. மேல் பாதியில் கறுப்பே இல்லை, வெறும் மஞ்சள் களி. நடுவில் டில்லர் மட்டும் சக்கரம் புதைந்து கம்பீரமாக நின்றது. பெயிண்ட்டில் ஒரு கீறல் இல்லை.

விஜயா அந்த மஞ்சளுக்கு நடுவில் குடை இல்லாமல் நின்றாள். அழுகை ஒன்றும் இல்லை. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்து, கீழே போட்டாள். அந்தக் களியில் கிழங்கு என்ன, களைகூட முளைக்காது. எங்கள் ஊரில் மண் போன காட்டுக்கு ஒரே வழிதான், விற்றுவிடுவது.

அதற்கும் ஆள் வந்தான். புரோக்கர் கமலேஷ், மழை ஓய்வதற்குள் காரை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். "காட்டேஜ் கட்ட அருமையான எடமுங்க. வியூ சும்மா அள்ளுது" என்றான். மண் போன பிறகுதான் வியூ தெரிய ஆரம்பிக்கிறது போலிருக்கிறது. வடிவேல் தலையைக் குனிந்துகொண்டே, "குடுத்துரலாமா விஜயா?" என்று கேட்டான். அவன் வாழ்க்கையிலேயே சத்தம் இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

விஜயா நேராக இறங்கி என் வேலிக்கு வந்தாள்.

"அண்ணா, எல்லை தாண்டின மண்ணு உங்களுது. கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்லீங்க" என்றாள். "ஆனா எனக்கு வேற மண்ணு இல்லீங்ணா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம், உரிமை, லொட்டு லொசுக்கு! "என் கோஸை மூடிப் போட்ட குப்பையை அள்றதுக்கு என்கிட்டப் பர்மிஷன் வேறயா? ஒழுங்கா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ. ஒரு கூடை மிச்சம் வெச்சாலும் சும்மா இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். சாந்தாமணி எங்கள் வீட்டுக் கூடைகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் நம் விஞ்ஞானி மறுபடி தலையெடுத்தான். "கூடையெல்லாம் எதுக்கு? டில்லரை மேல நிறுத்தி, எஞ்சின்ல கயிறு கட்டி, தகரத்துல மண்ணு வெச்சு இழுத்தா..."

விஜயா திரும்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"இழுக்கலாமுங்க. நல்ல யோசனைதான். மொதல்ல ஒரு கூடை உங்க தலையில வெச்சு மேல ஏறுங்க. என்னத்தக் கீழ தள்ளுனோம்னு தெரியோணும் உங்களுக்கு. அப்புறம் கயிறு கட்டுங்க."

அவளே அள்ளினாள், அவளே தூக்கி வைத்தாள். ஈர மண், நிறைகூடை. வடிவேல் ஏறினான். பாதி தூரத்தில் வழுக்கினான், முட்டி போட்டான், கூடையை விடவில்லை. மேலே போய்க் கொட்டினான். அத்தனை பெரிய மஞ்சளில் அந்த ஒரு கூடை மண் என்னத்துக்கு ஆகும்? உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவன், சின்னப் பையன் மாதிரி ஓவென்று அழுதான். நானும் சாந்தாமணியும் வேலியைச் சரிசெய்கிறவர்கள் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அப்புறம் கயிறு கட்டினான். சும்மா சொல்லக் கூடாது, ஓர் இடத்தில் நின்று இழுப்பதற்கு அந்த டில்லர் நன்றாகத்தான் பயன்பட்டது. தகரம் நிறைய மண் ஏறியது. தகரம் போகாத மூலை முடுக்குக்குக் கூடை போனது. கல்லைத் தேடிப் பொறுக்கினார்கள், படி கட்டினார்கள், ஓரத்தில் புல் நட்டார்கள். ஏழு படிக்கு மண் போதவில்லை, ஐந்துதான் வந்தது. மேலே ஒரு துண்டு இன்னும் மஞ்சளாகத்தான் கிடக்கிறது. கமலேஷ் இரண்டு தடவை போன் செய்தான். இரண்டாவது தடவை விஜயா எடுத்து, வியூவை அவனையே வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

ஷிஜோவும் வந்தான், புது மெஷின் ஒன்றின் நோட்டீஸோடு. இந்தத் தடவை காட்டுக்கே இறங்கி வந்தான். விஜயா அவனை உபசரித்து டீ கொடுத்து, குடித்து முடித்ததும் நிறைகூடையைக் காட்டி, "இதை மேல வெச்சுட்டு வந்து சொல்லுங்க தம்பி, கேக்கறோம்" என்றாள். ஷிஜோ சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஏறினான், பாவம், அந்த ஷூவோடு. இறங்கி வந்தவன் நோட்டீஸைப் பற்றி மறந்தே போய்விட்டான். இப்போது எங்கள் ஊரில் எவன் மெஷின் விற்க வந்தாலும் முதலில் விஜயா காட்டுக்கு ஒரு கூடை மண் ஏற்ற வேண்டும். அதற்கு என் காட்டு மண்ணைக் கொடுக்கிறவன் நான்.

அடுத்த ஆடியில் அதே மாதிரி மழை பிடித்தது. விடிந்து வெளிச்சம் வந்ததும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் வேலிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே வடிவேல் அங்கே இருந்தான். அவன் காட்டுத் தண்ணீர் என் காட்டுக்குள் விழுகிற இடத்தில், என் வாய்க்காலுக்குள் இடுப்பு நனைய உட்கார்ந்திருந்தான். மேலே கடைசிப் படியில் விஜயா நின்றாள். அவ்வளவு உயரத்திலும் அவள் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பது தெரிந்தது.

தண்ணீர் வந்தது. வடிவேல் கையை ஏந்தி அதைப் பிடித்தான், பார்த்தான், கொட்டினான். மறுபடி பிடித்தான். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் அவன் உள்ளங்கை ரேகை தெரிந்தது, அவ்வளவு தெளிவு.

"விஜயா!" என்று அந்த மழையில் கத்தினான். நாற்பது வருஷமாக மெஷின் அதைக் கொண்டுவரும், இதைக் கொண்டுவரும் என்று ஊரைக் கூட்டியவன், தொண்டை கிழியக் கத்தினான். "விஜயா, ஒண்ணும் வரலே! ஒண்ணுமே வரலே புள்ள!"

மேலே அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், அவளுடைய மண்ணில். எனக்கு வரவேண்டிய மண் ஒரு பிடிகூட வரவில்லை. நானும் நனைந்துகொண்டே சிரித்தேன்.